குற்றம் நிரூபிக்கப்படாமலே மகனை விளையாட விடாமல் நிறுத்தலாமா?

கேள்வி: மேற்கு சிட்னியில் இருக்கிறோம். 2012இல் படகில் வந்த குடும்பம். 2023க்குப் பிறகுதான் நிரந்தர விசா கிடைத்தது. மகனுக்கு 20 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்து ரக்பி லீக்தான் அவனுக்கு உயிர். போன வருடம் ஒரு என்.ஆர்.எல். (தேசிய ரக்பி லீக்) கழகம் ஒப்பந்தம் போட்டு எடுத்தது. சென்ற சனிக்கிழமை இரவு பரமட்டாவில் ஒரு பப்புக்கு வெளியே தகராறு. அணி நண்பர்கள் இரண்டு பேர் இவனோடு இருந்திருக்கிறார்கள். ஒரு பையனுக்குத் தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறான். தான் அடிக்கவில்லை, விலக்கத்தான் போனேன் என்கிறான் மகன். பொலிஸ் போன் பண்ணி வந்து பேசச் சொல்கிறது. கழக மனேஜர் திங்கட்கிழமைக்குள் நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார். என் அண்ணா, அந்தப் பையன் வீட்டுக்குப் போய் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துப் பேசி முடிப்போம் என்கிறார். வழக்கு வந்தால் தீர்ப்புக்கு முன்பே விளையாட விடமாட்டார்களாம். இது நியாயமா? ஒப்பந்தம் போய்விடுமா? குடியுரிமைக்கும் விண்ணப்பித்திருக்கிறான்.

பதில்:

அன்புள்ள அக்கா,

உங்கள் அண்ணாவை இன்றைக்கே தடுத்து நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஊரில் இப்படியொரு தகராறு என்றால் பெரியவர்கள் நாலு பேர் போய்ப் பேசுவார்கள், மத்தியஸ்த சபைக்குப் போகும், சமாதானமாக முடியும். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இந்த மாதிரி வழக்குக்கு அந்த வழி கிடையாது. வழக்கு நடத்துவது அரசு. அடிபட்ட பையன் "எனக்கு வழக்கு வேண்டாம்" என்று சொன்னாலும் பொலிஸ் தொடரலாம். அந்த நிலைமையில் சாட்சியின் வீட்டுக்குப் பணத்தோடு போவதை, நீதியின் போக்கைக் கெடுக்கும் முயற்சி என்றுதான் இங்கே பார்ப்பார்கள். 1900ஆம் ஆண்டின் குற்றங்கள் சட்டத்தில் அதற்கு உச்ச தண்டனை 14 ஆண்டு. உங்கள் மகன், அந்தத் தம்பி மீது வரக்கூடிய பல குற்றச்சாட்டுகளை விட அது பெரியது. தம்பிதான் மாமாவை அனுப்பினார் என்ற சந்தேகமும் வரும்; பிறகு பிணை கேட்கும்போது அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அந்தப் பையனுக்காக நீங்கள் வருந்துவது உண்மை என்பது உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அதைத் தெரிவிக்கவும் உதவவும் வழி உண்டு. சரியான கட்டத்தில், சட்டத்தரணி மூலமாக.

அதே போல, தம்பியின் கைத்தொலைபேசியில் எதையும் அழிக்கக் கூடாது. நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வீடியோ இருந்தாலும் சரி, அப்படியே இருக்கட்டும். வழக்கை ஏமாற்றுவதற்காகச் சான்றை அழிப்பது 10 ஆண்டு வரை தண்டனை உள்ள தனிக் குற்றம். அவர் விலக்கத்தான் போனார் என்றால் அந்த வீடியோவை விடப் பெரிய சாட்சி அவருக்குக் கிடைக்காது. பப்பின் கமராப் பதிவுகள் சில நாளில் மேலெழுதப்பட்டுவிடும். அதைப் பாதுகாக்கச் சொல்லி நாளைக்கே ஒரு சட்டத்தரணி கடிதம் அனுப்ப வேண்டும். இதைத் தாமதித்து வருந்திய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பொலிஸ். "வந்து பேசு" என்பது அழைப்பு மட்டும்தான். கைது செய்யாத வரைக்கும் போக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பதில் சொல்லாமல் இருந்தால் பயிற்சி மைதானத்துக்கே வந்து கைது செய்யலாம், அதைப் படம் எடுக்கவும் ஆட்கள் இருப்பார்கள். ஆகவே சட்டத்தரணி பொலிஸோடு பேசி, எப்போது வருவார், வாக்குமூலம் கொடுப்பாரா மாட்டாரா என்பதை முன்கூட்டியே தெரிவிப்பதுதான் மரியாதையான வழி. போனால் பெயர், முகவரி கொடுக்கட்டும். நடந்ததைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை உண்டு.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸில் 2013இல் ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர் மீது ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் சந்தேகிக்கப்பட்டால், சட்டத்தரணி பக்கத்தில் இருக்கும்போது பொலிஸ் ஒரு விசேட எச்சரிக்கை கொடுக்கலாம்: இப்போது சொல்லாத ஒன்றை நீதிமன்றத்தில் சொன்னால், அந்த மௌனமே உனக்கு எதிராக எடுக்கப்படலாம் என்று. சட்டத்தரணி நேரில் இல்லையென்றால் அந்த எச்சரிக்கைக்கு வழி இல்லை. அதனால்தான் சட்டத்தரணிகளான எங்களில் பலர் பொலிஸ் நிலையத்துக்கு நேரில் வராமல் போனில் ஆலோசனை கொடுக்கிறோம். "காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியே விட்டுவிட்டார்" என்று நினைக்க வேண்டாம். அவருடைய மௌனத்தைக் காப்பதற்காகத்தான்.

இனி கழகம். இதில்தான் நல்ல பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள். மனேஜர் அன்பாகக் கேட்பார், பயிற்சியாளர் அப்பா மாதிரி இருப்பார், பையன் மனம் விட்டு நாலு பக்கம் எழுதிக் கொடுப்பான். சட்டத்தரணியிடம் சொல்வதற்கு இருக்கும் இரகசியப் பாதுகாப்பு கழகத்திடம் சொல்வதற்கு இல்லை. அந்த நாலு பக்கத்தையும் பொலிஸ் நீதிமன்ற ஆணை மூலம் எடுக்கலாம், மனேஜரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாம். "நானும் ஒருவனைத் தள்ளினேன், விலக்கத்தான்" என்ற ஒரு வரி போதும். அதற்காகக் கழகத்திடம் மறைக்கச் சொல்லவில்லை. பொய் சொன்னால் ஒப்பந்தம் அதனாலேயே போகலாம். சம்பவம் நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விவரத்தைச் சொல்லக் கூடாது. ரக்பி லீக் ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருக்கிறது, ஆட்டக்காரர் சங்கம் என்று. தம்பி அதில் உறுப்பினர் என்றால் இன்றைக்கே அவர்களைக் கூப்பிடட்டும். கழகத்தோடு பேசும்போது பக்கத்தில் நிற்பதுதான் அவர்கள் வேலை.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். ஆம், தீர்ப்புக்கு முன்பே நிறுத்தலாம். 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் ஆட்டக்காரர்கள் மீது அடுத்தடுத்து வழக்குகள் வந்தன. விளம்பரதாரர்கள் விலகத் தொடங்கிவிட்டார்கள் என்று ஆட்டத்தை நடத்தும் ஆணையம் பயந்தது. 2019 பெப்ரவரியில் ஒரு விதியை அறிவித்தார்கள். உச்ச தண்டனை 11 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம் சுமத்தப்பட்டால், வழக்கு முடியும் வரை அந்த ஆட்டக்காரர் போட்டியில் இறங்க முடியாது. சம்பளம் முழுதாக வரும், பயிற்சி செய்யலாம். "நீ குற்றவாளி என்று நாங்கள் சொல்லவில்லை" என்பதுதான் அந்த விதியின் அடிப்படை. 11 ஆண்டுக்குக் குறைந்த குற்றச்சாட்டு என்றால், குறிப்பாகப் பெண்களோ குழந்தைகளோ பாதிக்கப்பட்டிருந்தால், என்.ஆர்.எல். தலைமை நிர்வாகி தன் விருப்பப்படி நிறுத்தலாம்.

இதை எதிர்த்து ஒருவர் நீதிமன்றம் போய்ப் பார்த்தார். செயின்ட் ஜோர்ஜ் இலவாரா அணியின் ஜாக் டி பெலின். 2018 டிசம்பரில் அவர் மீது கடுமையான பாலியல் குற்றச்சாட்டு. தான் குற்றமற்றவர் என்றார். தொழில் செய்யும் உரிமையை நியாயமில்லாமல் தடுக்கிறார்கள் என்று அவர் வாதாட, 2019 மே மாதம் பெடரல் நீதிமன்றத்தில் நீதிபதி மெலிசா பெரி வழக்கைத் தள்ளுபடி செய்தார். ஆட்டத்தின் பெயரையும் வருமானத்தையும் காக்க ஆணையத்துக்கு நியாயமான தேவை இருக்கிறது, விதி அந்த அளவைத் தாண்டவில்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே விதி செல்லுமா என்று திரும்பச் சண்டை போட உங்கள் காசைச் செலவழிக்க வேண்டாம். டி பெலின் வழக்கில் 2020 நவம்பரில் ஜூரியால் முடிவுக்கு வர முடியவில்லை. 2021 மே மாதத்தில் மறுவிசாரணை: ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, மற்றவற்றில் மறுபடியும் முடிவில்லை, அரசுத் தரப்பு கைவிட்டது. ஜூனில் மைதானத்துக்குத் திரும்பினார். இரண்டு பருவத்துக்கும் மேல் போய்விட்டது.

அவருக்கு அப்போதே பெயர் இருந்தது. 20 வயதில் முதல் ஆட்டத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு "முழுச் சம்பளம்" என்பது பெரிய ஆறுதல் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒப்பந்தக் காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டிய கட்டாயம் கழகத்துக்கு இல்லை. நிறுத்தி வைப்பது தண்டனை இல்லை என்று காகிதத்தில் எழுதலாம், வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தண்டனைதான். இருந்தும், அடிபட்ட பையனின் தாய் தொலைக்காட்சியைப் போட்டதும் அதே மூவரும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டியிருந்தால் அவருக்கு எப்படி இருக்கும் என்பதையும் நான் யோசிக்கிறேன். விதி தேவைதான் என்பது என் கருத்து. எனக்குச் சரியாகப் படாதது வேறு: எந்தக் குற்றச்சாட்டு என்று முதல் நாளில் பொலிஸ் எழுதுவதை வைத்தே எல்லாம் தீர்மானமாகிறது. தொடக்கத்தில் கனமாக எழுதிப் பிறகு குறைப்பது வழக்கமாக நடப்பது.

உங்கள் மகனுக்கு இதுதான் மிக முக்கியம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தாடை உடைந்ததை "உடற்காயம் ஏற்படுத்திய தாக்குதல்" என்று மட்டும் எழுதினால் உச்சம் 5 ஆண்டு. கூட்டாகச் செய்தது என்றால் 7. பொது இடத்தில் பிறர் அஞ்சும்படியான கைகலப்பு என்றால் 10. விளைவைப் பொருட்படுத்தாமல் பாரதூரமான காயம் ஏற்படுத்தியது என்றாலும் 10. இவை எல்லாம் 11க்குக் கீழே. ஆனால் அந்தக் கடைசிக் குற்றத்தோடு "கூட்டாக" என்ற சொல் சேர்ந்துவிட்டால் உச்சம் 14 ஆகிவிடும், விதி தானாகவே பிடித்துக்கொள்ளும். மூன்று நண்பர்கள் சேர்ந்து இருந்ததால் அந்தச் சொல்லை எழுதப் பொலிஸுக்குத் தோன்றும். கூட நின்றது மட்டும் போதாது. ஒரே நோக்கத்தோடு நின்றார்கள் என்று காட்ட வேண்டும். விலக்கப் போனவருக்கு அந்த நோக்கம் இல்லை. ஆகவே சட்டத்தரணி முதலில் போராட வேண்டிய இடம் அந்த ஒரு சொல். இன்னொன்று: மூன்று பேருக்கும் ஒரே சட்டத்தரணி வேண்டாம். செலவைப் பகிரலாம் என்று மற்ற இரண்டு வீட்டாரும் சொல்லலாம். "நான் விலக்கினேன்" என்று சொல்பவரின் நலனும் அடித்தவரின் நலனும் ஒரே கோப்பில் இருக்க முடியாது.

ஒப்பந்தத்தை முறிப்பது வேறு விஷயம். நிறுத்தி வைத்தால் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். முறிக்க வேண்டுமென்றால் நன்னடத்தை விதியை மீறினார் என்று அறிவித்தல் கொடுத்து, பதில் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். அந்தப் பதிலையும் சட்டத்தரணி பார்க்காமல் அனுப்பக் கூடாது. வழக்கில் வென்றாலும் ஆட்டத்தின் பக்கத்திலிருந்து தண்டனை வரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009இல் மேன்லி அணியின் பிரெட் ஸ்டூவர்ட்டைக் கழக விழாவில் அளவுக்கு மீறிக் குடித்ததற்காக நாலு ஆட்டம் நிறுத்தினார்கள். அப்போது அவர் மீது இருந்த பாலியல் வழக்கில் 2010இல் அவர் விடுதலையானார். போன நாலு ஆட்டமும் திரும்பி வரவில்லை. அந்தச் சனிக்கிழமை இரவு தம்பி எவ்வளவு குடித்திருந்தார் என்று கழகம் கட்டாயம் கேட்கும்.

குடியுரிமை பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கூடுதல் கவலை. குற்ற வழக்கு நிலுவையில் இருக்கும்போது அமைச்சர் குடியுரிமையை அங்கீகரிக்கவே முடியாது என்று சட்டம் சொல்கிறது. விண்ணப்பம் அப்படியே நிற்கும். அதைவிட, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கப்பட்டால் நன்னடத்தைச் சோதனையில் அவர் தவறியவராவார், விசாவையே இரத்துச் செய்யலாம். உண்மையிலேயே சிறைக்குள் இருந்தால் அந்த இரத்து கட்டாயமாகவே வரும். இங்கே பிறந்த அணி நண்பருக்குப் பொருந்தும் சமரசம் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. "குறைந்த குற்றத்தை ஒப்புக்கொள், சீக்கிரம் முடியும், கழகமும் மன்னிக்கும்" என்று யாராவது சொன்னால், குடிவரவுச் சட்டத்தரணி ஒருவர் அதைப் பார்க்கும் வரை கையெழுத்து வேண்டாம். முதல் தவறு, இளம் வயது என்றால், குற்றப் பதிவு இல்லாமல் நிபந்தனையோடு விடும் அதிகாரமும் நீதிபதிக்கு இருக்கிறது. அதைக் கேட்க முடியுமா என்பதையும் அவர்கள் இருவரும் சேர்ந்தே யோசிக்கட்டும்.

பத்திரிகையாளர்கள் போன் பண்ணலாம். நீங்களும் அண்ணாவும் தம்பியின் தங்கை தம்பிமாரும் எதுவும் பேச வேண்டாம், முகநூலில் "என் மகன் அப்பாவி, அந்தப் பையன்தான் முதலில் அடித்தான்" என்று எழுதவும் வேண்டாம். நாளை நீதிமன்றத்தில் அந்தப் பதிவை வாசிப்பார்கள்.

கடைசியாகத் திங்கட்கிழமைக் கடிதம். தம்பி மனேஜருக்கு இவ்வளவுதான் எழுத வேண்டும்: "சனிக்கிழமை இரவு பரமட்டாவில் நடந்த ஒரு சம்பவம் பற்றிப் பொலிஸ் என்னோடு பேச விரும்புகிறது. நான் சட்டத்தரணி ஒருவரை அமர்த்தியிருக்கிறேன். அவருடைய ஆலோசனைப்படி சம்பவத்தின் விவரம் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். குற்றச்சாட்டு ஏதும் வந்தால் உடனே உங்களுக்குத் தெரிவிப்பேன். கழகத்தோடு முழுதாக ஒத்துழைப்பேன்." ஒரு வரி கூடவும் வேண்டாம். அதை அனுப்புவதற்கு முன் சட்டத்தரணிக்குக் காட்டுங்கள். ஒப்பந்தத்தின் பிரதி, விசாக் கடிதம், கடவுச்சீட்டு மூன்றையும் அவரிடம் போகும்போது கையில் கொண்டு போங்கள்; பிணைக்கு கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்வது இங்கே சாதாரணம், அதைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம்.