எல்லோருமா விடுதலை கேட்டார்கள்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் ஒரு கற்பனைத் தீவு. பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு நாட்டின் மாகாணமாக அது ஆளப்படுகிறது. மக்கள் விடுதலைக்காக ஏங்குகிறார்கள், ஆளுநர் கொடுமைக்காரர். நண்பர்களோ, "இந்தக் காலத்தில் இப்படி எங்கே இருக்கிறது?" என்று சிரிக்கிறார்கள். தீவுக்குத் தனிக் கொடி, தனி நாணயம் வைத்தால் வாசகர்கள் நம்புவார்களா? மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ர., திருச்சி

அன்புள்ள ர.,

மூன்றையும் படித்தேன். கடலை எழுதும்போது உங்கள் கை தயங்குவதே இல்லை. மூட்டை இறக்குபவர்கள் மழைக்கு ஒதுங்கும் பகுதி மனதிலேயே நிற்கிறது. எழுதத் தெரிந்தவர் நீங்கள். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன்.

நண்பர்களை விடுங்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே ரீயூனியன் என்ற தீவு இருக்கிறது. பாரிசிலிருந்து ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1946 முதல் அது பிரான்சின் ஒரு மாவட்டம். பறப்பது பிரெஞ்சுக் கொடி, புழங்குவது யூரோ. யூரோ நோட்டும் காசும் புழக்கத்துக்கு வந்த 2002 புத்தாண்டு அங்கே முதலில் பிறந்ததால், பாரிசுக்கு முன்பே தீவின் தலைநகர் சான் தெனியின் சந்தையில் ஒரு பை லிச்சிப் பழத்துக்கு யூரோ கைமாறிவிட்டது. கொடி, நாணயம் பற்றிய கேள்விக்கு இவ்வளவு போதும்.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில். "தீவில் எல்லோரும் விடுதலைக்காக ஏங்கினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எல்லோருமா? யாரைக் கேட்டீர்கள்?

ரீயூனியனை மாவட்டமாக்கச் சொல்லிப் பாரிஸ் நாடாளுமன்றத்தில் கேட்டவர்கள் யார் தெரியுமா? கம்யூனிஸ்டுகள். தீவின் பிரதிநிதிகளான ரேமோன் வெர்ஜெசும் லெபெர்வான்ஷும். அதே சட்டத்துக்காகக் கரீபியக் கடலின் மார்த்தினிக் தீவின் பிரதிநிதியாக நின்று வாதாடியவர் கவிஞர் எமே செசேர். இவர்களை அடிமைப் புத்திக்காரர்கள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ரீயூனியனில் 1848 டிசம்பர் 20 அன்றுதான் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையானார்கள். அப்புறம் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். அந்தக் கூலிக்காரருக்கு முதலாளி பக்கத்திலேயே இருக்கிறான், சட்டம்தான் தூரத்தில் இருக்கிறது. அவர் தூரத்துச் சட்டத்தைத்தான் கூப்பிடுவார். பாரிஸ் தொழிலாளிக்குக் கிடைக்கும் கூலியும் மருத்துவமும் ஓய்வூதியமும் தனக்கும் வேண்டும் என்பார். அந்தக் கோரிக்கையில் எவ்வளவு தன்மானம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கேட்டது உடனே கிடைக்கவும் இல்லை. குறைந்தபட்சக் கூலி பிரான்சுக்குச் சமமாக வந்தது 1996இல்தான். ஐம்பது வருஷம்! உங்கள் நாவல் அந்த ஐம்பது வருஷத்துக்குள் இருக்கிறது.

அதே இந்தியப் பெருங்கடலில் கொமொரோஸ் தீவுகள், அப்போது பிரான்சின் கீழ். 1974 வாக்கெடுப்பில் மூன்று தீவுகள் தனிநாடு கேட்டன, மயோட் மட்டும் பிரான்சோடு இருக்கிறேன் என்றது. மற்ற தீவுகளின் ஆதிக்கத்துக்கு அஞ்சிய மயோட் பெண்கள், தனிநாடு பேச வந்த தலைவர்களைச் சூழ்ந்துகொண்டு கிச்சுகிச்சு மூட்டியே விரட்டினார்கள். 2003இல் பிரான்சின் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, கடல் கடந்த மாவட்டங்கள் சில விஷயங்களில் தாங்களே விதி வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ரீயூனியனுக்கு மட்டும் அந்த அதிகாரம் வேண்டாம் என்று வரி சேர்க்க வைத்தவர் அந்தத் தீவின் செனட்டர் ழான் போல் விராபூலே. தமிழ் வம்சாவளிக்காரர். அவர் செய்தது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் தனி அதிகாரம் தனிநாட்டில் போய் முடியுமோ என்ற, அவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒரு தீவை எழுத முடியாது.

புதுச்சேரியில் நான் வளர்ந்த தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்தவர். பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 வந்தால் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கிளம்புவார். துரோகி என்று அவர் காதுபடவே சொல்வார்கள். பென்ஷன் தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். உயிரோடு இருக்கிறேன் என்று வருஷாவருஷம் சான்று கொடுத்தால்தான் பணம் வரும். அந்தத் தாள் வர நாளானால் திண்ணைக்கும் தெருமுனைக்குமாக நடப்பார், சாப்பாடு இறங்காது. "நான் இருக்கிறது அவனுக்குத் தெரியணும்ல தம்பி" என்பார்.

தூரத்து ஆட்சி தாளில்தான் வரும், ர. உங்கள் ஆளுநரின் சவுக்கில் இல்லை. 1962 முதல் 1984 வரை ரீயூனியனிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஆட்கள் குறைந்துகொண்டிருந்த க்ரூஸ் போன்ற கிராமப்புற மாவட்டங்களுக்கு. திட்டத்தின் பின்னால் இருந்தவர் மிஷேல் தெப்ரே, முன்னாள் பிரதமர், 1963இலிருந்து ரீயூனியனின் நாடாளுமன்ற உறுப்பினர். பிள்ளை நன்றாகப் படிக்கும், விடுமுறைக்கு வரும் என்று சொல்லித்தான் பெற்றோரிடம் தாளை நீட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அந்த மையோடு பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்புக்குப் போய்விட்டது. விடுமுறைக்கு வரவில்லை. சிலர் பண்ணைகளில் சம்பளமில்லாத வேலையாட்களானார்கள். 2014 பிப்ரவரியில்தான் பிரெஞ்சு நாடாளுமன்றம் தார்மீகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் போட்டது. கைநாட்டு வைத்த எத்தனை தாய்மார் அதைக் கேட்க உயிரோடு இருந்திருப்பார்கள்?

சமத்துவம் தருகிறேன் என்று சொன்ன அரசும் பிள்ளையை எடுத்துப்போன அரசும் ஒன்றுதான். இரண்டையும் ஒரே வீட்டுக்குள் கொண்டுவராமல் உங்கள் தீவு உயிர்பெறாது. பிள்ளையைப் பறிகொடுத்த அதே தாய், அந்த அரசு தரும் முதியோர் உதவித்தொகையைக் கைநாட்டு வைத்து வாங்கியிருப்பாள். வேறு எதை வைத்து அரிசி வாங்குவாள்? அவளிடம் போய்த் தனிநாடு வேண்டுமா என்று உங்கள் கதாநாயகன் கேட்கட்டும். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது. அது தெரியாமலேயே எழுத உட்காருங்கள்.

ஆளுநரை முழுவதுமாக வெட்டிவிடுங்கள். சமூகநலத் துறையிலிருந்து தாளோடு வரும் ஒரு சின்ன ஊழியரைக் கொண்டுவாருங்கள். நல்ல மனிதராகவே இருக்கட்டும். அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். கட்டாயம் படிக்கிறேன்.

அன்புடன்.