பெயின்ட் அடித்த பழைய ஸ்லாஷர்: வாங்கலாமா?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் 8 ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். மரத்துக்கு மரம் 25 அடி. இதுவரை வருடத்துக்கு மூன்று, நான்கு முறை உழவு ஓட்டித்தான் களையைக் கட்டுப்படுத்தினோம். வேர் அறுபடுகிறது என்பதால் இனி உழாமல், புல்லை வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடலாம் என்று இருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒருவர், டிராக்டர் பின்னால் மாட்டிப் புல் வெட்டும் 5 அடி ரோட்டரி ஸ்லாஷர் ஒன்றை விற்கிறார். புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறார். கியர் பாக்ஸ் அடியில் லேசாக ஆயில் கசிகிறது. "சீல் மாத்தினா சரியாயிரும்" என்கிறார். என்னிடம் இருப்பது பழைய 45 எச்.பி. டிராக்டர், சிங்கிள் கிளட்ச். வாங்கலாமா ஐயா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?

பதில்: வாங்கலாம். 45 எச்.பி. டிராக்டருக்கு 5 அடி ஸ்லாஷர் சுமையே இல்லை. ஆயில் கசிவுக்குப் பிறகு வருகிறேன். போகிற போக்கில் "சிங்கிள் கிளட்ச்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

ஸ்லாஷரின் அடியில் சுற்றும் தட்டும் பிளேடுகளும் நல்ல கனம். வேகம் பிடித்துவிட்டால் சட்டென்று நிற்காது. சிங்கிள் கிளட்ச் டிராக்டரில் கிளட்சை மிதித்தால் இன்ஜின்தான் விடுபடும், பி.டி.ஓ.வும் (பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றும் டிராக்டர் தண்டு) சக்கரமும் ஒன்றோடொன்று பிணைந்தபடியே இருக்கும். அப்போது சுற்றிக்கொண்டிருக்கும் பிளேடு, பி.டி.ஓ. வழியாகச் சக்கரத்தைத் தள்ளும். நீங்கள் கிளட்சையும் பிரேக்கையும் மிதித்த பிறகும் வண்டி சில அடி முன்னால் போகும். கலப்பையும் டிரெய்லரும் ஓட்டிப் பழகியவருக்கு இது தெரியவே தெரியாது. தென்னை மரத்துக்கோ கிணற்று மேட்டுக்கோ பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்குத் தீர்வு ஓவர் ரன்னிங் கப்ளிங். டிராக்டரின் பி.டி.ஓ. முனையில் மாட்டும் சிறிய பாகம். டிராக்டர் ஸ்லாஷரைச் சுற்றலாம், ஸ்லாஷர் திருப்பி டிராக்டரைச் சுற்ற முடியாது. சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் செய்யும் அதே வேலை. உங்கள் பி.டி.ஓ. 6 பல் கொண்ட 35 மி.மீ. சாஃப்டாக இருக்கும், அதற்கேற்றதாகக் கேட்டு வாங்குங்கள். சில ஸ்லாஷர்களில் இது சாஃப்டிலேயே சேர்ந்து வரும், முதலில் அதைப் பாருங்கள். இது இல்லாமல் உங்கள் டிராக்டரில் ஸ்லாஷரை ஓட்டவே கூடாது என்பது என் கருத்து. டபுள் கிளட்ச் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

சரி, இப்போது ஆயில் கசிவு.

விற்பவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் சீலை மட்டும் மாற்றினால் திரும்பக் கசியும். கியர் பாக்ஸ் மேல் மூடியில் காற்று வெளியேறுவதற்காகச் சிறு துளையுள்ள ஒரு போல்ட் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். பெயின்ட் அடித்தவர் அதன் மேலேயும் அடித்து அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். துளை அடைந்தால் கியர் பாக்ஸ் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் கீழ் சீல் வழியாகத்தான் வெளியே வரும். ஒரு குண்டூசியால் தீர வேண்டிய விஷயம் இது. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் இதே கதைதான்.

அந்தத் துளை சுத்தமாக இருந்தும் கசிந்தால், தட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள இடுக்கை டார்ச் அடித்துப் பாருங்கள். உர மூட்டைத் தையல் நூல், சொட்டுநீர்க் குழாய், கட்டுக்கம்பி எல்லாம் அங்கே சுற்றி இறுகிக் கிடக்கும். சுற்றச் சுற்ற அது மேலே ஏறிச் சீலின் உதட்டை அறுத்துவிடும். தட்டைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது. சாஃப்டில் சீல் உட்காரும் இடத்தை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் ஒரு பள்ளத்தில் தட்டி நின்றால், சாஃப்டையே சீல் தேய்த்துவிட்டது என்று அர்த்தம். அங்கே புது சீல் போட்டாலும் அதிக நாள் தாங்காது. லேத்தில் கொடுத்து சாஃப்டைச் சரிசெய்ய வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஆயிலையும் கொஞ்சம் வெளியே எடுத்துப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மழையில் கிடந்த வண்டி. வெயிலில் பிடித்தால் பொடிப்பொடியாக மின்னினால் பல்லோ பேரிங்கோ தேய்கிறது. ஆயிலுக்குப் பதில் கிரீஸை அடைத்து வைத்திருந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். கசிவை மறைக்கச் செய்கிற வேலை அது. பல் சுற்றும்போது கிரீஸ் ஒதுங்கிப் போய்விடும், பல் வறண்டு ஓடும்.

அடியில் பார்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஹைட்ராலிக்கை நம்பி யாரும் அடியில் கையோ தலையோ நீட்டக் கூடாது. நான்கு மூலைக்கும் மரக்கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். சுற்றுவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருப்பது சகஜம், பல்லுக்குப் பல் இடைவெளி அது. மேலும் கீழும் ஆடினால் பேரிங் போய்விட்டது. பிறகு டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடு) பக்கத் தகட்டில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனி தட்டின் விளிம்பை உரசும்படி வைத்துத் தட்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஓரிடத்தில் உரசி ஓரிடத்தில் விலகினால் தட்டோ சாஃப்டோ வளைந்திருக்கிறது. பாறையிலோ மரக்கட்டையிலோ மோதிய வண்டி என்று புரிந்துகொள்ளலாம். தட்டு வளைவைச் சரிசெய்யலாம், மாற்றலாம். சாஃப்ட் வளைவு என்றால் நான் வாங்க மாட்டேன்.

பிளேடு போல்ட்டைத் தனியாகப் பாருங்கள். ஸ்லாஷர் பிளேடு இறுக்கிப் பிடித்திருக்காது. கல்லில் பட்டால் பின்னால் மடங்குவதற்காகத் தளர்வாகத் தொங்கும். அதனால் போல்ட்டின் கழுத்தும் பிளேடின் ஓட்டையும்தான் முதலில் தேயும். ஓட்டை முட்டை வடிவாகப் போயிருந்தால் பிளேடு, போல்ட் இரண்டையும் செட்டாக மாற்றுங்கள். நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால் 5 அடி ஸ்லாஷர் பிளேடின் நுனி மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் போல்ட் அறுந்தால் பறப்பது பல கிலோ இரும்பு. பிளேடில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் அதைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும்.

டெக் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், முக்கியமாகக் கியர் பாக்ஸ் உட்காரும் இடத்தைச் சுற்றி. கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே துரு தின்றிருக்கிறது, பெயின்ட்தான் தாங்கிக்கொண்டிருக்கிறது. வெல்டிங் விரிசல் கியர் பாக்ஸைப் பிடித்திருக்கும் நான்கு போல்ட்டைச் சுற்றித்தான் விடும். முன்னும் பின்னும் சங்கிலித் திரை தொங்குகிறதா என்றும் பாருங்கள். பலர் இடைஞ்சல் என்று கழற்றிவிடுகிறார்கள். கல்லும் தேங்காயும் வெளியே பறக்காமல் தடுப்பது அதுதான். இல்லாவிட்டால் நீங்களே பட்டறையில் சங்கிலி வாங்கி மாட்டுங்கள்.

பி.டி.ஓ. சாஃப்ட் விஷயத்தில் பழைய வண்டி வாங்குபவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். டிராக்டரையும் கியர் பாக்ஸையும் இணைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பாதி கொண்ட அந்த சாஃப்ட், விற்பவருடைய டிராக்டருக்கு அளவாக வெட்டியது. உங்களுடையதற்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம், அதுவும் கப்ளிங் மாட்டினால் இன்னும் சில அங்குலம் நீளும். ஸ்லாஷரை மெதுவாகத் தூக்கி இறக்கி, டிராக்டருக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே தூரம் எங்கே மிகக் குறைவாக வருகிறது என்று பாருங்கள். அந்த நிலையில் இரண்டு பாதிகளையும் பக்கம் பக்கமாகப் பிடித்தால், முழுக்க முட்டாமல் ஓர் அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். முட்டினால் தூக்கும்போதெல்லாம் கியர் பாக்ஸ் பேரிங்கையும் உங்கள் டிராக்டரின் பி.டி.ஓ. பேரிங்கையும் அது இடித்துத் தள்ளும். மிக நீண்ட நிலையில் ஒன்றுக்குள் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். நீளம் கூடினால் இரண்டு குழாயிலும் ஒரே அளவு வெட்டி, பிசிரை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவிச் சேர்க்கலாம். சதுரக் குழாய் சாஃப்டாக இருந்தால் உள்பக்கத்து இரண்டு கவையும் (மூட்டைப் பிடிக்கும் கவட்டை முனை) ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி சேருங்கள். கால் சுற்று மாறிச் சேர்த்தால் வண்டியே அதிரும், காரணம் தெரியாமல் சாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸ் பேரிங்கை மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

விற்பவர் வெறும் களத்தில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இடுப்புயரப் புல்லில் இருபது நிமிடமாவது ஓட்டச் சொல்லுங்கள். நிறுத்தி, பிளேடு முழுக்க நின்ற பிறகு கியர் பாக்ஸைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே பிரச்சினை.

விலையைப் பற்றி. மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் புதுக் கருவிக்குப் பொது விவசாயிகளுக்கு 40 சதவீதமும், சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் உண்டு. பழைய கருவிக்குக் கிடையாது. எனவே உங்கள் கோட்டத்து வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் ஸ்லாஷர் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள். பழைய ஸ்லாஷர் விலையோடு கப்ளிங், சீல், பிளேடு செட், சாஃப்ட் வேலை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அது மானியம் போகப் புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் நான் புதியதற்குத்தான் போவேன்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, பழைய ஆயிலை வடித்து 90 நம்பர் கியர் ஆயிலைப் பக்கவாட்டு மூடி மட்டத்துக்கு ஊற்றுவது. பிறகு வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். கிராஸ் பேரிங்குக்கு ஓட்டுகிற அன்றெல்லாம் கிரீஸ். பிளேடு போல்ட்டை முதல் ஒரு மணி நேரம் ஓட்டியதும் மறுபடி முடுக்கிப் பாருங்கள். பிளேடைக் கத்தி போலத் தீட்ட வேண்டாம், ஒன்றரை மி.மீ. தடிமன் விளிம்பு போதும், அதிகம் தீட்டினால் சீக்கிரம் மடியும். தீட்டிய பிறகு இரண்டையும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எடையைச் சமமாக்குங்கள்.

சாஃப்டில் ஷியர் போல்ட் (சுமை மிஞ்சினால் தானே அறுந்து கியரைக் காக்கும் போல்ட்) இருந்தால், அறுந்த இடத்தில் அதே வகை போல்ட்டைத்தான் போட வேண்டும். "திரும்பத் திரும்ப அறுகிறது" என்று கடினமான ஹைடென்சில் போல்ட் போட்டால் அடுத்து அறுவது கியர் பல். போல்ட்டுக்குப் பதில், சுமை மிஞ்சினால் வழுக்கிவிடும் ஸ்லிப் கிளட்ச் இருந்தால், மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தபின் தட்டுகள் துருவில் ஒட்டியிருக்கும். ஸ்பிரிங் நட்டுகள் இருக்கும் அளவைக் குறித்துக்கொண்டு தளர்த்தி, சில விநாடி வழுக்கவிட்டு, அதே அளவுக்கு முடுக்குங்கள்.

ஓட்டி முடித்ததும் டெக் அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டிவிடுங்கள். தகடு ஓட்டையாவது அதனால்தான். வெறுந்தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

தோப்பில் ஓட்டும்போது: 25 அடி இடைவெளியில், மரத்தைச் சுற்றி 6 அடி பாத்தியை விட்டால் நடுவில் 13 அடி வரும். 5 அடி ஸ்லாஷரில் மூன்று ஓட்டம். முன்பக்கம் பின்பக்கத்தைவிட அரை முதல் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கும்படி டாப் லிங்கை (டிராக்டரையும் கருவியையும் மேலே இணைக்கும் தண்டு) திருகிவிட்டு, தரையிலிருந்து நான்கு அங்குல உயரத்தில் வெட்டுங்கள். அதற்கு முன் ஒரு முறை நடந்து போய் விழுந்த காய், மட்டை, சொட்டுநீர்க் குழாய்களை ஒதுக்குங்கள். மட்டையை இதில் நசுக்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள், அதற்கு மட்டை தூளாக்கும் மெஷின் வேறு. ஆள், மாடு எதுவும் பக்கத்தில் வேண்டாம். வரப்பில் திரும்பும்போது பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டுத் தூக்குங்கள்.

இன்னொன்று, கோரை இதில் சாகாது. கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் வெட்ட வெட்டத் துளிர்க்கும். நிழலும் மூடாக்கும் சேர்ந்தால் வீரியம் குறையும், அவ்வளவுதான். பார்த்தீனியத்தைப் பூ வைக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு அது முளைத்து ஒரு மாதத்திலேயே பூக்கத் தொடங்கும், மண் வண்டி இறங்கும் அளவுக்குக் காய்ந்ததும் முதல் ஓட்டத்தைத் தள்ளிப் போடாதீர்கள். பூத்து விதை பிடித்தபின் ஸ்லாஷரை விட்டால் 8 ஏக்கருக்கும் நீங்களே விதை தூவியதாகிவிடும்.