கேள்வி பதில்: டேட்டாபேஸில் தமிழ், தேதி, பணம்

கேள்வி: மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பழைய டேபிளில் சில தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும், சில புரியாத லத்தீன் எழுத்துகளாகவும் தெரிகின்றன. மீட்க வழி உண்டா?

பதில்: லத்தீன் எழுத்துகளாகத் தெரிபவற்றைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறிகளை மீட்க முடியாது. எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 3 பைட். அந்த மூன்றையும் லத்தீன்1 (ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய முறை) என்று எண்ணித் தனித்தனியே படிப்பதால்தான் மூன்று வேற்றெழுத்துகள் வருகின்றன. பைட்டுகள் பத்திரமாகவே இருக்கின்றன. கேள்விக்குறியின் கதை வேறு. லத்தீன்1-இல் இடமே இல்லாத எழுத்து வந்தபோது சர்வர் அதை விட்டுவிட்டு '?' எழுதியிருக்கிறது. பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள். '?'-இன் குறியீடான 3எஃப், 3எஃப் என்று வரிசையாக வந்தால் பழைய பேக்கப்பில்தான் தேட வேண்டும்.

மீட்கத் தொடங்கும் முன் டேபிளுக்கு ஒரு நகல் எடுங்கள். ஃபீல்டு லத்தீன்1 என்று அறிவிக்கப்பட்டு, உள்ளே யூடிஎஃப்-8 பைட்டுகள் இருந்தால், ஆல்டர் டேபிள் மூலம் முதலில் அதை வெறும் பைட்டுகளை வைக்கும் வார்பைனரி வகை ஆக்குங்கள் (ஃபீல்டு டெக்ஸ்ட் வகை என்றால் பிளாப்). பிறகு இன்னொரு ஆல்டர் டேபிளில் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்க்யூஎலின் முழு யூடிஎஃப்-8) முறையில் வார்சார் என்ற எழுத்து வகை ஆக்குங்கள். நடுப்படியை விட்டு நேரே மாற்றினால் அந்த வேற்றெழுத்துகளே யூடிஎஃப்-8 ஆகிவிடும்; சிக்கல் இரட்டிப்பாகும். ஆல்டர் டேபிளில் மாடிஃபை கொடுக்கும்போது நாட் நல் (காலியாக விடக் கூடாது), டிஃபால்ட் (இயல்பு மதிப்பு) இரண்டையும் மறுபடி எழுதுங்கள், இல்லாவிட்டால் அவை போய்விடும்.

இனி வராமலிருக்க டேபிளை மட்டும் மாற்றினால் போதாது. கனெக்‌ஷனின் சார்செட்டும் (எழுத்துக் குறியீட்டு முறை) யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிஎச்பியில் டேட்டாபேஸுடன் இணைக்கும் பிடிஓவில் இதை டிஎஸ்என் என்ற இணைப்பு வரியிலேயே கொடுக்கலாம். வெறும் 'யூடிஎஃப்8' வேண்டாம்: அதில் ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் இடம். தமிழ் அடங்கும், 4 பைட் எமோஜி அடங்காது.

கேள்வி: தேதி ஃபீல்டுக்கு இண்டெக்ஸ் போட்டும் குவெரி (தேடல் கட்டளை) மெதுவாகவே ஓடுகிறது. 'இயர்(தேதி) = 2024' என்றுதான் தேடுகிறேன்.

பதில்: காரணம் அந்த இயர் ஃபங்ஷன்தான். இண்டெக்ஸ் தேதிகளை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது, ஆண்டுகளை அல்ல. ஒவ்வொரு வரியிலும் ஆண்டைக் கணக்கிட்டுப் பார்ப்பதால் டேபிள் முழுவதையும் படிக்க நேர்கிறது. ஃபீல்டைத் தொடாமல் விடுங்கள்: தேதி >= '2024-01-01' மற்றும் தேதி < '2025-01-01'. பிட்வீன் போட்டு '2024-12-31' என்று முடிப்பது ஆபத்து. ஃபீல்டு டேட்டைம் (தேதியும் நேரமும்) வகை என்றால் 31-ஆம் தேதி நள்ளிரவு 00:00:00-க்குப் பிந்தைய பதிவுகள் எல்லாம் விடுபடும், பிழைச் செய்தியும் வராது.

இதே நோயின் இன்னொரு வடிவம்: வார்சாரில் வைத்த தொலைபேசி எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் தேடுவது. மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றி ஒப்பிடும், இண்டெக்ஸ் பயன்படாது. குவெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் சேர்த்து ஓட்டுங்கள். டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்றிருந்தால் முழு டேபிளும் படிக்கப்படுகிறது என்று பொருள்.

கேள்வி: 'கோபி' என்று தட்டுகிறேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரு பெயர்களைப் பைத்தான் வேறு வேறு என்கிறதே?

பதில்: 'கோ'வின் துணையெழுத்தை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் பிரித்து எழுதியதை ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி முறைக்கு மாற்றிவிடுங்கள்: பைத்தானில் யூனிகோடுடேட்டா மாட்யூலின் நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் ஸ்டிரிங்கின் நார்மலைஸ்.

கேள்வி: விலைக்கு ஃபுளோட் (பைனரியில் வைக்கும் தசம எண் வகை) போதுமா?

பதில்: போதாது. 0.1-ஐ பைனரியில் சரியாக எழுத முடியாது, ஜாவாஸ்கிரிப்டில் 0.1 + 0.2 கூட்டினால் 0.30000000000000004 வரும். டெசிமல்(12,2) வையுங்கள் (மொத்தம் 12 இலக்கம், அதில் 2 புள்ளிக்குப் பின்). புரோகிராமுக்குள்ளும் அதை ஃபுளோட்டாக மாற்றாதீர்கள். பைத்தான் என்றால் டெசிமல் வகை, ஜாவாஸ்கிரிப்ட் என்றால் பைசாக் கணக்கில் முழு எண்.