ஃபியட்டுக்கு ஃப்ளோர் கியர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதுக் கார் வாங்கியதும் அதை ஆளுக்கு ஆள் மாற்றியமைக்கிறார்கள். உங்கள் காலத்திலும் இந்த மோகம் இருந்ததா? முதல் காரில் எதை மாற்றினீர்கள், எதற்காகப் பின்னால் வருந்தினீர்கள்?
– வாசகர், மதுரை

பதில்: இருந்தது; எனக்கு அளவுக்கு மிஞ்சியே இருந்தது. ஆனால் எங்கள் காலத்தில் அந்த மோகத்துக்குப் பாதிக் காரணம் அழகு, மீதிப் பாதி அவஸ்தை.

1991ஆம் ஆண்டில், 1978ஆம் ஆண்டு மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றை 38,000 ரூபாய்க்கு வாங்கினேன். இத்தாலியின் ஃபியட் 1100 காரை உரிமம் பெற்றுப் பம்பாய் குர்லாவில் தயாரித்துவந்த பிரீமியர் நிறுவனம், 1970களில் அதற்கு ராஜஸ்தானின் சித்தோர்கர் ராணி பத்மினியின் பெயரைச் சூட்டியது. நம் ஊரில் பத்மினி என்றால் நாட்டியப் பேரொளிதான் நினைவுக்கு வருவார் என்பதாலோ என்னவோ, மெக்கானிக் முதல் பெட்ரோல் பங்க் ஊழியர் வரை எல்லோரும் அதைக் கடைசிவரை ஃபியட் என்றே அழைத்தார்கள்.

1089 சிசி எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக், ஸ்டீயரிங் தண்டை ஒட்டி நீளும் கியர் கம்பி, முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒற்றை நீள இருக்கை: இதுதான் அந்த வண்டி. கியர் கம்பியை கியர் பெட்டியோடு இணைக்கும் தண்டுகளின் புஷ்கள், அதாவது இணைப்புகளில் மாட்டும் சிறு வளையங்கள், தேய்ந்துவிட்டால், கியர் மாற்றும்போது இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். பானெட்டைத் திறந்து கையால் தண்டைத் தள்ளிவிட்ட பிறகே வண்டி நகரும். பெரியார் பேருந்து நிலையத்தின் எதிரே பட்டப்பகலில் மூன்று முறை அப்படி இறங்கித் தள்ளிய பிறகு, கியர் கம்பியைத் தரையிலிருந்து எழும்படி மாற்றி, ஃப்ளோர் கியர் வைப்பதென்று முடிவு செய்தேன். இருபது ரூபாய் புஷ்ஷை மாற்றியிருந்தாலே போதும் என்பது அப்போது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

லேத் பட்டறையில் கடைந்து செய்த கம்பி, தரையில் வெட்டிய ஓட்டை, சென்னை புதுப்பேட்டையின் பழைய பொருள் கடைகளில் தேடிப் பிடித்த இரண்டு தனி இருக்கைகள், அவற்றுக்கு ரெக்சின் உறை என்று வேலை ஒரு மாதம் நீண்டது. கியர் வெண்ணெயாக விழுந்தது. ஆனால் அதுவரை எனக்கும் மனைவிக்கும் நடுவே உட்கார்ந்து வந்த ஐந்து வயது மகளுக்கு முன்னால் இடமில்லாமல் போயிற்று. அவள் பின்னிருக்கையில் பாட்டியோடு உட்கார்ந்து, திருமங்கலம் வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தது இன்னும் நினைவிருக்கிறது. தரையில் வெட்டிய ஓட்டை வழியாக மழைக்காலத்தில் தண்ணீரும் வெயில் காலத்தில் எஞ்சின் சூடும் வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான வருத்தம் மின்சார வேலையில்தான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் வாங்கிய மஞ்சள் பனி விளக்குகள் இரண்டு, இரட்டை ஹாரன், கேசட் பிளேயர் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினேன். அந்தப் பழைய வண்டியில் பேட்டரிக்கு மின்னேற்றம் தந்தது டைனமோ. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அது தரும் மின்சாரம் மிகக் குறைவு. ஆகவே சிக்னலில் நின்றால் விளக்குகள் மங்கும், பாட்டு இழுக்கும், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. போதாக்குறைக்கு, மாட்டித் தந்த எலக்ட்ரீஷியன், சுவிட்சின் மின்சுமையைத் தான் ஏற்கும் ரிலேயும் வைக்கவில்லை, தனி ஃப்யூஸும் வைக்கவில்லை. ஒரு நள்ளிரவில் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து ரப்பர் கருகும் வாசனை வந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, விடியும்வரை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பிறகு டைனமோவை எடுத்துவிட்டு, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் போதிய மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் வைத்தேன். நான் செய்த மாற்றங்களில் முதலில் செய்திருக்க வேண்டியதும், வெளியே யார் கண்ணுக்கும் தெரியாததும் அதுதான்.

கேள்வி: என் அப்பா 1984இல் வாங்கிய பத்மினி எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அவர் அதற்கு ஃப்ளோர் கியர் வைத்தார்; சாம்பல் நிறத்தைக் கிரீமாக மாற்றினார்; முன்கண்ணாடிக்கு மேலே தகரத்தில் வெயில் மறைப்பும் பொருத்தினார். அவர் இப்போது இல்லை. வண்டியைக் கம்பெனியிலிருந்து வந்தபடி மீட்பதா, அவர் விட்டுச்சென்றபடி வைப்பதா? புது எஞ்சின் வைத்தால் தினமும் ஓட்டலாம் என்கிறான் தம்பி.
– வாசகி, கும்பகோணம்

பதில்: தம்பியின் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள், அம்மா. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாற்பது குதிரைத்திறனுக்கு என்று அமைந்த டிரம் பிரேக்கும் ஸ்டீயரிங்கும், அதைப்போல் இரு மடங்கு திறனுள்ள எஞ்சினைத் தாங்கா. மேலும், 50 ஆண்டு நிறைந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதி, சேசிஸ் எனும் அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. உங்கள் வண்டிக்கு 2034இல் அந்த வயது வரும். அந்த வாய்ப்பை இப்போதே கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பெனி வண்டியா, அப்பாவின் வண்டியா என்ற கேள்விக்கு என் சார்பை மறைக்காமல் சொல்கிறேன்: அப்பாவின் வண்டிதான். சாம்பல் நிறப் பத்மினி குர்லாவிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்தது. கிரீம் நிறத்தில், தகர மறைப்போடு, அவர் கைக்கு வாகாக வளைத்த கியர் கம்பியோடு உள்ளது உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்டீயரிங்கை ஒட்டியிருந்து கழற்றிய பழைய கியர் தண்டுகளைப் பரணில் தேடிப் பாருங்கள். எங்கள் தலைமுறை ஆண்கள் எதையும் எளிதில் எறிவதில்லை. கிடைத்தால் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வையுங்கள், பொருத்த வேண்டாம்.

பணத்தைச் செலவிட வேண்டிய இடம் வேறு. கால் மிதிக்கும் தரையையும் கதவுகளுக்குக் கீழுள்ள தகட்டையும் திருப்புளியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசித் துருவை மறைத்திருப்பார்கள். குத்தினால் உள்ளே போகும் இடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும்; மேலே மறுபடியும் பட்டி பூசினால் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. பிரேக் சிலிண்டர்களின் ரப்பர்கள் அத்தனையையும் மாற்றுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களும் பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் எனும் ரப்பர் சவ்வும் உப்பிக் கிழியும். அவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். நிற மாற்றம் பதிவுச் சான்றிதழில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றிதழுக்குப் போவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஃப்ளோர் கியரைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் முதல் கார் பழைய மாருதி 800. முந்தைய உரிமையாளர் ஒட்டிய கறுப்பு ஃபிலிம் அழகாக இருக்கிறது. அப்படியே விடலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: கூடாது. கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இல் தடை செய்துவிட்டது. வண்டியை நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு, ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். மிஞ்சும் பசையைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடையுங்கள். பின்கண்ணாடியில் மெல்லிய சூடேற்றும் கோடுகள் இருந்தால் அங்கே மட்டும் பிளேடு வைக்காதீர்கள்.