மின்ஜுன் என்ற கொரியப் பெயருக்கு என்ன பொருள்?

ஒரே பொருள் என்று சொல்ல முடியாது. பெற்றோர் எந்தச் சீன எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அதுதான் பொருள். கொரிய எழுத்தான ஹங்குல் ஒலியை மட்டுமே காட்டும். 'மின்' என்பது கூர்மதியாகவும் இருக்கலாம், மக்கள் என்றும் இருக்கலாம். 'ஜுன்' திறமையில் சிறந்தவன் அல்லது ஆழமானது. நம் 'மதி' நிலவையும் அறிவையும் குறிக்கிறதே, அதுபோல. ஆனால் அங்கே எந்தச் சீன எழுத்துகள் என்பது பொதுவாகப் பிறப்புப் பதிவிலேயே எழுதப்பட்டுவிடும்; அதனால் பொருளும் தெளிவாகிவிடும். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது.

2000களின் இறுதியிலிருந்து பல ஆண்டுகள் தென் கொரியாவில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த பெயர்களில் இதுவும் ஒன்று. ஒரே வகுப்பில் இரண்டு மின்ஜுன்கள் இருந்தாலும் பொருள் வேறாக இருக்கலாம்.

'கிம் மின்ஜுன்' என்பதில் கிம் குடும்பப் பெயர். 'மின்' நடுப்பெயர் அல்ல, மின்ஜுன் முழுவதும் ஒரே பெயர்.