கார்பன் டேங்க்: நெசவுக்குக் கொடுக்கும் காசை ரெசினுக்குக் கொடுங்கள்

துருப்பிடித்த பைக் டேங்கை என்ன செய்யலாம் என்று சென்ற மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். உள்ளே பூச்சு போடலாம், முடியாவிட்டால் வேறு ஸ்டீல் டேங்க் தேடலாம் என்று எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: கார்பன் ஃபைபரில் நாமே செய்துகொண்டால் என்ன? இந்த முறை முழுக்க அதற்கே இடம் தந்திருக்கிறேன். கார்பன் துணியில் ரெசின் என்ற பிசினை ஊற வைத்து இறுகவிட்டுத்தான் இந்த டேங்க் செய்வார்கள். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

1996 மாடல் டூ-ஸ்ட்ரோக் பைக் வைத்திருக்கிறேன். டேங்க் அடியில் ஓட்டை. கார்பன் துணி வாங்கிவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கும் கூரைத் தகட்டுக்கும் போடும் ரெசினே போதும், விலையும் குறைவு என்கிறார் ஃபைபர் கடைக்காரர். வாங்கலாமா? – வாசகர், திருப்பூர்

வாங்காதீர்கள். அவர் சொல்வது சாதாரண பாலியஸ்டர் ரெசின். தண்ணீருக்கு அது தாங்கும். இன்றைய பெட்ரோலுக்குத் தாங்காது. 2023 பிப்ரவரியில் அறிமுகமான இ20 பெட்ரோல்தான் இப்போது பெரும்பாலான பங்குகளில் கிடைக்கிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் பாலியஸ்டருக்குள் மெல்ல ஊறி அதை இளக்கும். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஃபைபர்கிளாஸ் டேங்க் போட்ட பைக்குகள் நிறைய ஓடின. 1973 ஜூலை முதல் புது வண்டிகளின் பெட்ரோல் டேங்க் உலோகத்தில்தான் இருக்க வேண்டும் என்று அங்கே விதி வந்தது. தப்பிப் பிழைத்த பழைய ஃபைபர் டேங்குகளும் எத்தனால் கலப்பு வந்த பிறகு உள்ளே பிசுபிசுத்துப் போயின.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என் பழைய பைக்குக்கு ஒரு ஃபைபர் டேங்க் வாங்கினேன். பெயிண்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. என்ன ரெசின் என்று நான் கேட்கவில்லை. நாலாவது மாதம் பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கிளம்பியது. அப்புறம் கார்பரேட்டரில் மஞ்சள் கூழ் அடைத்து வண்டி நடுரோட்டில் நின்றது. இறங்கிப் பார்த்தால் டேங்கின் இரண்டு பாதியும் சேரும் தையலிலிருந்து பெட்ரோல் சொட்டிச் சூடான இன்ஜின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வாடை இன்னும் மறக்கவில்லை.

கார்பன் துணி டேங்குக்கு வலுவைத்தான் தரும். பெட்ரோலைத் தடுத்து நிறுத்துவது ரெசின். எபாக்ஸி ரெசின், அதிலும் ரசாயனங்களை நன்கு தாங்கும் நோவோலாக் வகை எபாக்ஸி அல்லது நோவோலாக் வினைல் எஸ்டர் ரெசின் கேளுங்கள். தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்பத் தாளில் எத்தனாலும் பெட்ரோலும் தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தாலும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அதே ரெசினில், அதே முறையில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு செய்யுங்கள். நன்றாக இறுகியதும் எடை போட்டு, உலோக மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் பங்க் பெட்ரோல் ஊற்றி அதில் போட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் குறைந்தது ஒரு மாதம் வையுங்கள். எடை கூடியிருந்தாலும், நகம் பதிந்தாலும், பெட்ரோல் நிறம் மாறியிருந்தாலும் அந்த ரெசின் உதவாது. இருபதாயிரம் ரூபாய் வேலை உருப்படுமா என்பதை அந்த ஒரு கண்ணாடி பாட்டிலே சொல்லிவிடும்.

மீட்டர் 450 ரூபாய்க்கு 3கே கார்பன் துணி ஆன்லைனில் வருகிறது. அசலா? – வாசகர், வேலூர்

அந்த விலைக்கு அசல் கிடைப்பது அரிது. 3கே என்றால் ஓர் இழையில் 3,000 நுண்நார்கள் என்று பொருள். கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி நாரும் பாலியஸ்டர் நூலும் அதே பெயரில் விற்பனையாகின்றன. வந்ததும் மல்டிமீட்டரை எடுத்து ஓர் இழையின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும், மற்ற இரண்டும் கடத்தாது. பார்சலைப் பிரிப்பதிலிருந்து இந்தச் சோதனை வரை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

'கார்பன் டேங்க்' என்று இன்ஸ்டாகிராமில் பார்த்து 38,000 ரூபாய் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே வெள்ளை ஃபைபர்கிளாஸ். வெளியே கார்பன் படம் அச்சிட்ட மெல்லிய படலம். கேட்டால், 'கார்பன் ஃபினிஷ் என்றுதான் போட்டிருந்தோம், விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்கிறார்கள். பில்லும் தரவில்லை. டெலிவரி வேலை செய்து சேர்த்த பணம். – வாசகர், மதுரை

தம்பி, நீங்கள் ஏமாந்தது உங்கள் தவறு இல்லை. ஃபினிஷ் என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவர்கள் தவறு. முதல் வேலையாக அந்த டேங்கில் பெட்ரோல் ஊற்றாதீர்கள், வண்டியில் மாட்டாதீர்கள். அது உங்கள் சாட்சிப் பொருள்.

இரண்டாவது, விளம்பரப் பதிவு, உரையாடல், பணம் போன யுபிஐ விவரம் எல்லாவற்றையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நாளைக்கு அந்தப் பதிவு இருக்காது. 'கார்பன்' என்று அவர்கள் எழுதிய, பேசிய ஒவ்வொரு இடமும் முக்கியம். குரல் பதிவு இருந்தால் அழிக்காதீர்கள்.

பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை விற்றுவிட்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். வாபஸ் இல்லை என்று எழுதி வைத்துவிட்டால் சட்டம் ஒதுங்கிப் போய்விடாது. எனவே பொருள் கைக்கு வந்த தேதியிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பல விற்பனையாளர்கள் அங்கேயே இறங்கி வருவார்கள். வராதவர்கள் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு, ஆனால் காத்திருக்காதீர்கள். டேங்க் விலையோடு போக்குவரத்துச் செலவும் மன உளைச்சலுக்கு இழப்பீடும் சேர்த்துக் கேளுங்கள். என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.

தெர்மாகோலில் டேங்க் வடிவம் செதுக்கினேன். மேலே ரெசின் தடவியதும் தெர்மாகோல் உருகிக் குழியாகிவிட்டது. – வாசகர், கோவை

நீங்கள் தடவியது பாலியஸ்டர். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைக்கும். எபாக்ஸி கரைக்காது. இரண்டு பாதியாக அச்சு எடுத்துச் செய்யும் எண்ணம் இருந்தால் பாலியூரித்தேன் (பி.யு.) ஃபோமில் செதுக்கிப் பட்டி பார்த்து இழையுங்கள்.

எபாக்ஸி ஊற்றி நான்கு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரைக் கொஞ்சம் கூடுதலாகத்தான் போட்டேன். பாட்டிலில் பெயர் எதுவும் இல்லை, கடையில் ஊற்றித் தந்தார்கள். – வாசகர், திருச்சி

இந்தக் கடிதத்தில் இரண்டு தவறு இருக்கிறது. ஒன்று உங்களுடையது. பாலியஸ்டர் ரெசினில் கேட்டலிஸ்ட்டைச் சற்றுக் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அந்தப் பழக்கத்தை எபாக்ஸியில் காட்டியிருக்கிறீர்கள். எபாக்ஸியும் ஹார்ட்னரும் கணக்காக ஒன்றோடொன்று பிணைய வேண்டியவை. நூறுக்கு முப்பது என்றால் முப்பதுதான். மிஞ்சிய ஹார்ட்னர் ஒட்டுவதற்கு ஆளில்லாமல் உள்ளேயே தங்கிப் பிசுபிசுக்கும். தராசு இல்லாமல் எபாக்ஸி வேலை செய்யாதீர்கள். இறுகாததைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி தொடங்குவது தவிர வழியில்லை.

இன்னொரு தவறு கடையுடையது. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. பெரிய டிரம்மில் வரும் ரெசினைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மேலே மார்க்கரால் 'ஹா' என்று ஓர் எழுத்து மட்டும் எழுதித் தருகிறார்கள். எந்த நிறுவனம், எந்த ரகம், எந்தத் தேதியில் தயாரானது, கலவை விகிதம் எடையிலா அளவிலா, எதுவும் இல்லை. எடையும் அளவும் ஒன்றில்லை. ரெசினும் ஹார்ட்னரும் வெவ்வேறு அடர்த்தி கொண்டவை, எடையில் சொன்ன விகிதத்தை அளவுக் கோப்பையில் அளந்தால் கணக்கு தப்பும். திறந்து மூடித் திறந்து மூடி வைத்த ஹார்ட்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டிருக்கும். நான் ஒருமுறை இப்படி வாங்கிய ஹார்ட்னரில் செய்த சைடு பேனல் மூன்று வாரம் வெயிலில் வைத்தும் கையில் ஒட்டியது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினேன். நீங்கள் கலந்ததுதான் தப்பு என்றார்கள். நான் சரியாகக் கலந்தேன் என்று நிரூபிக்கப் பாட்டிலில் ஒரு விகிதம் அச்சிட்டிருந்தால் அல்லவா முடியும்? ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் தேதியும் எடையும் தயாரித்தவர் முகவரியும் இருக்கிறது. பெட்ரோலைத் தாங்கப்போகும் பொருளில் பெயர்கூட இல்லை. லேபிளோடு சீல் பிரிக்காத டப்பா வாங்குங்கள், சின்ன டப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை. தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

அந்தத் தாளில் இன்னொன்றும் பாருங்கள்: ரெசின் இளகத் தொடங்கும் வெப்பநிலை. கறுப்பு டேங்க் கத்திரி வெயிலில் நின்றால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். அறை வெப்பத்தில் மட்டும் இறுகிய எபாக்ஸி பலவற்றுக்கு அதுவே அதிகம். அதனால் இறுகிய பிறகு 60 முதல் 80 டிகிரி வரை படிப்படியாகச் சூடேற்றிச் சில மணி நேரம் வைக்கச் சொல்லித் தாளில் எழுதியிருப்பார்கள். அந்த வேலையை விட்டுவிடாதீர்கள்.

எத்தனை கிலோ குறையும்? – வாசகர், ஈரோடு

நன்றாகச் செய்தால் மூன்று கிலோ போல. நாலு லிட்டர் பெட்ரோலைக் குறைவாக ஊற்றினாலும் அதே மூன்று கிலோ குறையும்.

மூடிக்கு அலுமினிய ரிங்கை நேராகக் கார்பனில் பதிக்கலாமா? – வாசகர், ஓசூர்

கூடாது. கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். இடையில் ஒரு கண்ணாடி நார் அடுக்கு கொடுங்கள். அந்த ரிங்கிலிருந்து வண்டியின் ஃபிரேமுக்கு ஓர் எர்த் வயரும் போடுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் பொறியாகத் தாவாமல் இறங்க வழி வேண்டும்.

கசிவு பார்க்க பஞ்சர் கடை கம்ப்ரஸரில் காற்று ஏற்றினேன். தையல் பிளந்துவிட்டது. ஒட்டு ரெசின் விற்றவரிடம் நஷ்ட ஈடு கேட்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

கேட்க முடியாது. பெட்ரோல் டேங்க் டயர் இல்லை. மூடியிலேயே காற்றுத் துளை உள்ள பொருள், உள்ளே அழுத்தமே இருக்காது. சோதனைக்கு இரண்டு பி.எஸ்.ஐ.க்கு மேல் தேவையில்லை, அதையும் சைக்கிள் பம்பில் மெதுவாக ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் செய்தித்தாள் மேல் வைத்திருந்தால் ஊசித் துளைகள் தாமாகவே தெரிந்திருக்கும். பிளந்த தையல் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டு அங்கே பிடிக்கவே இல்லை. அடுத்த முறை இரண்டு பாதியும் ஒரு விரல் அகலமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விளிம்பு வைத்து, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, உள்பக்கமும் துணி நாடா வைத்து ஒட்டுங்கள்.

போன வருடம் வாங்கிய பிஎஸ்6 பைக். அழகுக்காகக் கார்பன் டேங்க் போட ஆசை. – வாசகர், சென்னை

போடாதீர்கள். உங்கள் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. அது உட்காரும் இடம் மில்லிமீட்டர் பிசகினாலும் கசியும். வாரன்டி போகும், தீப்பிடித்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிப்பாளையத்திலோ பந்தயத் தடத்தில் மட்டும் ஓட்டும் வண்டி என்றால் பேச்சு வேறு, அங்கேயும் முதலில் போட்டி விதிகளைக் கேளுங்கள். மற்றவர்களும் இதைப் படித்துவிட்டே துணி வாங்குங்கள்.

கல்லூரியில் படிக்கும் மகன் படுக்கையறையில் இந்த வேலை செய்கிறான். ரெசின் வாடை, கறுப்புத் தூசி. கையெல்லாம் சிவந்திருக்கிறது. தடுத்தால் கோபப்படுகிறான். – ஒரு தாய், தஞ்சாவூர்

அம்மா, வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டாம், இடத்தை மாற்றச் சொல்லுங்கள். மாடியோ திண்ணையோ, காற்று வர வேண்டும். கை சிவந்தது எபாக்ஸி ஒவ்வாமையாக இருக்கலாம். ஒருமுறை தொடங்கினால் அடுத்தடுத்துக் கடுமையாகும், பலருக்கு வாழ்நாள் முழுக்கப் போகாது. தோல் டாக்டரிடம் காட்டும்வரை ரெசினைத் தொடக்கூடாது. அப்புறம் நைட்ரைல் கையுறை, ரசாயன ஆவிக்கான கேட்ரிட்ஜ் முகமூடி, தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத் தேய்ப்பது. துணி முகமூடி ஆவிக்கு எதுவும் செய்யாது. கலந்த ரெசினைக் கோப்பையில் மொத்தமாக வைக்கக்கூடாது, தானே சூடேறிப் புகையும். நூறு, இருநூறு கிராமாகக் கலக்கட்டும். இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள், இந்தச் செலவுகளை அவர் பட்ஜெட்டில் சேர்த்திருக்கவே மாட்டார்.

வெற்றிகரமாக ஒன்று செய்து எட்டு மாதமாக ஓட்டுகிறேன். கசிவே இல்லை. நண்பர்கள் கேட்கிறார்கள், செய்து விற்கலாமா? – வாசகர், சேலம்

எட்டு மாதம் தாங்கியதற்கு மனமார்ந்த பாராட்டு. விற்க வேண்டாம். பொருளால் தீங்கு வந்தால் தயாரித்தவரே பொறுப்பு என்று 2019 சட்டம் தனி அத்தியாயமே வைத்திருக்கிறது, நண்பர்கள் என்பதால் அது மாறாது. உங்கள் டேங்கின் உட்புறத்தை டார்ச் அடித்து மாதம் ஒருமுறை பாருங்கள். எந்த ரெசின் போட்டீர்கள், எப்படிச் சூடேற்றினீர்கள் என்று எனக்கு எழுதி அனுப்புங்கள், திருப்பூர்க்காரருக்குத் தேவைப்படும்.