பாதி ஷூட்டிங்கில் கருவி காலை வாரினால்? குறும்படக் குழுக்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) குழுவில் ஆறு பேர். முக்கியமான டேக் ஓடிக்கொண்டிருந்தபோது பேட்டரி கழன்று கேமரா அணைந்துவிட்டது. அந்த எம்பி4 ஃபைல் கார்டில் 3 ஜிபி அளவு காட்டுகிறது, ஆனால் எதிலும் திறக்கவில்லை. மீட்க வழி உண்டா?
– மாணவி, மதுரை

உண்டு, வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. முதலில் அந்தக் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். அதில் இனி எதையும் பதிவு செய்யக் கூடாது. ஃபார்மட் செய்யவா என்று கேமரா கேட்டால் சம்மதிக்கவும் கூடாது.

3 ஜிபி காட்டுகிறது என்றால் படமும் ஒலியும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கின்றன. எந்த ஃப்ரேம் எங்கே தொடங்குகிறது என்ற அட்டவணைதான் இல்லை. பல கேமராக்கள் அதைப் பதிவை நிறுத்தும் நொடியில்தான் எழுதும். அதற்குள் மின்சாரம் போய்விட்டது.

ஃபைலைக் கணினியில் ஒன்றும் வேறொரு டிஸ்க்கில் ஒன்றுமாக நகலெடுங்கள். பிறகு அதே கேமராவில், அதே ரெசல்யூஷன், அதே ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) வைத்து, வேறு கார்டில் ஒரு நிமிடம் எடுங்கள். ‘அன்ட்ரங்க்’ என்ற இலவச மென்பொருளிடம் இந்த நல்ல ஃபைலை மாதிரியாகக் கொடுத்தால், உடைந்த ஃபைலின் அட்டவணையை அது புதிதாக உருவாக்கப் பார்க்கும். செட்டிங் மாறியிருந்தால் படம் சிதறும், அல்லது ஒலி விலகும். ஒலி மட்டும் விலகினால் கவலை வேண்டாம், எடிட்டில் நகர்த்திக்கொள்ளலாம். ஃபைலே கண்ணில் படாவிட்டால் அழிந்த ஃபைல்களைத் தேடி மீட்கும் ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருளை முயலுங்கள். மீட்டெடுப்பதை அதே கார்டில் சேமித்துவிடாதீர்கள்.

ஆறு பேரில் ஒருவருக்கு கார்டைத் தவிர வேறு வேலை கொடுக்காதீர்கள். இரண்டு இடத்தில் நகலெடுத்து, ஒவ்வொரு ஃபைலையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு அவர் சொன்னால்தான் ஃபார்மட். இயக்குநருக்கு இணையான பொறுப்பு இது.

வாடகைக்கு எடுத்த காலர் மைக் கேமராவில் வேலை செய்கிறது, போனில் செருகினால் ஒலி ஏறவில்லை. மைக் பழுதா?
– வாசகர், திருநெல்வேலி

மைக் நன்றாகத்தான் இருக்கிறது. பிளக்கைப் பாருங்கள்: கறுப்பு வளையம் இரண்டு இருந்தால் அது கேமராவுக்கானது. போனுக்கு மூன்று வளையம் வேண்டும். இரண்டை மூன்றாக மாற்றும் சிறிய அடாப்டர் போதும். டைப்-சி மட்டும் உள்ள போனுக்கு அதற்கேற்ற அடாப்டரும் சேர வேண்டும். எல்லா டைப்-சி அடாப்டரும் எல்லா போனிலும் வேலை செய்யாது, அதனால் கடையிலேயே பதிவு செய்து கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்றே ஷூட்டிங் என்றால் இரண்டாவது போனையே ரெக்கார்டராக்குங்கள். ஏரோபிளேன் மோடில் போட்டு, நடிகரின் சட்டைப் பையில் தலைகீழாக வையுங்கள். பேசும் மைக் போனின் அடிப்பக்கத்தில்தான் இருக்கும், அது வாயை நோக்க வேண்டும். ஒவ்வொரு டேக்கிலும் கேமரா முன் ஒரு கைதட்டல், எடிட்டில் படத்தையும் ஒலியையும் பொருத்த அதுவே அடையாளம். படத்தையும் போனில் எடுத்திருந்தால், தொடக்கத்தில் பொருந்திய உதட்டசைவு நீண்ட டேக்கின் கடைசியில் விலகலாம். போன் ஃப்ரேம் ரேட்டை ஏற்றி இறக்குவதுதான் காரணம். எடிட்டுக்கு முன் ‘ஹேண்ட்பிரேக்’ என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது சாவியை எடுக்கப் போகிறவருக்கு ஃபிரிட்ஜைத் திரும்பப் போட வேண்டும் என்பது நினைவுக்கு வரும். காட்சி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நின்று 30 நொடி அறையின் வெற்று ஒலியைப் பதியுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டும் இடங்களை அதுதான் மூடும்.

டியூப் லைட்டில் எடுத்தால் படத்தில் கறுப்புப் பட்டை ஓடுகிறதே?
– மாணவர், சேலம்

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் பூட்டுங்கள். அப்படியும் பட்டை தெரிந்தால் அந்த விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பிடித்தால் முகத்தின் நிழல் குறையும்.

கேமரா பழுதாகிவிட்டது. மீதியைப் போனில் எடுக்கலாமா, அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போடலாமா? குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.
– மாணவி, கோவை

போனில் எடுங்கள். அடுத்த செமஸ்டரில் நடிகரின் முடியும் தாடியும் மாறியிருக்கும், வீடு கொடுத்தவரும் மறுபடி கொடுப்பார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே காட்சிக்குள் கேமராவையும் போனையும் கலக்காதீர்கள். பாதி எடுத்த காட்சி இருந்தால் அதை முழுதாகப் போனிலேயே திரும்ப எடுங்கள். இரவுக் காட்சிகளில் கதை இடம் கொடுப்பவற்றை மாலை வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், இருட்டில்தான் போன் படம் புள்ளி புள்ளியாக உடையும். வெயிலில் சூடாகி நின்றுவிடாமலிருக்க உறையைக் கழற்றி, 4கே-யை விட்டு 1080-க்கு இறங்குங்கள். ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்கை) ஆட்டோவில் விடாமல் பூட்டிவிட்டு, ஒவ்வொரு இடத்திலும் முதலில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து வையுங்கள். கலர் சரிசெய்பவருக்கு அது போதும்.